கயாக்கில் கடல் மீன்பிடிப்பு: தூண்டிலுக்கு முன் நீரோட்டம்

தேக்கா சந்தையில் கொடுவா மீனை விலை கேட்டு வாங்குவோரில் சிலர், வார இறுதியில் அதே மீனைத் தாங்களே பிடிக்கக் கடலுக்குப் போகின்றனர். பிடோக் படகுத்துறையில் வரிசையாக நின்று தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை கயாக். கரையிலிருந்து எவ்வளவு வீசினாலும் எட்டாத பாறைத் திட்டுகளுக்குக் கயாக்கில் போய்விடலாம். எரிபொருள் செலவு இல்லை. இயந்திரச் சத்தம் இல்லாததால் மீன்களும் அவ்வளவாக மிரள்வதில்லை.

ஆனால், நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அமர்ந்து நாம் நுழைவது உலகின் ஆகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றுக்குள். எந்த நேரத்திலும் ஏறத்தாழ 1,000 கப்பல்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருக்கின்றன. எனவே எந்தத் தூண்டில், எந்த இரை என்ற கேள்விகளுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

கட்டுமரத்தின் உறவு

மீன்பிடிக்கப் பெரும்பாலும் பயன்படுவது, உடலை உள்ளே நுழைக்காமல் மேலே அமர்ந்து ஓட்டும் கயாக். நீளம் 3 முதல் 4 மீட்டர். அடிப்பகுதி காற்று அடைத்த கூடு. அமரும் இடத்தில் உள்ள துளைகள் வழியே, மேலே ஏறும் நீர் தானாக வடிந்துவிடும். துடுப்புக்குப் பதிலாகக் காலால் மிதித்து ஓட்டும் வகையும் உண்டு. அதில் இரண்டு கைகளும் தூண்டிலுக்குக் கிடைக்கும்.

இந்த அமைப்பு தமிழர்களுக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் இதே கணக்கில் உருவானதுதான். மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. அலை மேலே ஏறினாலும் இடுக்குகள் வழியே நீர் இறங்கிவிடும். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697ல் வெளியான தமது பயண நூலில் இக்கலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இரட்டை உடல் படகுகளுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரும் தமிழின் ‘கட்டுமரம்’ தந்ததே.

வேறுபாடு ஒன்று உண்டு. கட்டுமரத்தில் போனவர் சிறு வயதிலிருந்தே கொண்டல், கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர். நீரோட்டத்தின் திசையைப் பார்த்துவிட்டே மரத்தைத் தள்ளினார். இன்று கயாக்கைக் கடையில் வாங்கிவிடலாம். அந்த அறிவை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் கணக்கு

சிங்கப்பூர்க் கடலில் நாளுக்குப் பொதுவாக இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 3 மீட்டர் வரை போகும். அவ்வளவு நீரும் சில மணி நேரத்தில் நகர வேண்டியிருப்பதால் அந்நாட்களில் நீரோட்டம் வலுக்கும். வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியே இதற்கு முதல் எச்சரிக்கை.

சாதாரணமாகத் துடுப்பு போடுபவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். எதிர்நீரோட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால், ஒரு மணி நேரம் உழைத்தும் 1 கிலோமீட்டர்தான் முன்னேறலாம். நீரோட்டத்தோடு 20 நிமிடத்தில் எளிதாகப் போய்ச் சேர்ந்த 3 கிலோமீட்டருக்குத் திரும்பிவர 3 மணி நேரம் ஆகும். அதற்குள் கை சோர்ந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது அது தங்களைக் கரைக்குக் கொண்டுவரும்படி நேரத்தை வகுத்துக்கொள்கின்றனர்.

2019 ஆகஸ்டில் ஜோகூரின் எண்டாவ் அருகே, குழுவாகக் கயாக் ஓட்டச் சென்ற சிங்கப்பூரர்களில் இருவர் மற்றவர்களிடமிருந்து பிரிந்து காணாமல் போயினர். பல நாள் தேடலுக்குப் பிறகு இருவரின் உடல்களும் வெகு தொலைவில் கண்டெடுக்கப்பட்டன. குழுவாகப் போனாலும் ஒருவரையொருவர் பார்வையில் வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

விடியற்காலைச் சூறை

மீன் நன்றாகக் கடிக்கும் என்று பலர் விரும்பும் நேரம் விடியற்காலை. ‘சுமத்ரா சூறைக்காற்று’ வரும் நேரமும் அதுவே. சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமேக வரிசை கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ சிங்கப்பூரைத் தாக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும். கண்ணாடிபோல் இருந்த கடல் சில நிமிடங்களில் மாறிவிடும்.

மின்னலும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. திறந்த கடலில் ஆக உயரமாக நிற்பது நம் தூண்டில் கோல். கரிம இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கிளம்பும் முன் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தில் மேற்குப் பக்கத்தைப் பாருங்கள். அங்கு மேகத்திரள் தெரிந்தால் அன்று கரையே போதும்.

கப்பல் வழியில் நமக்கு முன்னுரிமை இல்லை

பெரிய சரக்குக் கப்பல் நம்மைப் பார்த்தாலும் உடனே நிற்க முடியாது. குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கலத்துக்கு, 20 மீட்டருக்குக் குறைந்த கலங்கள் இடையூறாக இருக்கக்கூடாது என்பது 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதி. துடுப்புப் படகில் இருப்பவர் இருட்டில் வெள்ளை ஒளி விளக்கைக் கையருகே வைத்திருந்து, மோதலைத் தவிர்க்க உரிய நேரத்தில் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு.

போகக்கூடாத இடங்களும் உள்ளன. ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவு, ஜூரோங் தீவு ஆகியவற்றின் அருகே செல்லக்கூடாது. 2014ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் மீன்பிடிக்கத் தடை. ஜோகூர் நீரிணை குறுகலானது என்பதால் மீனைத் துரத்திக்கொண்டு மலேசிய எல்லைக்குள் போய்விடுவதும் எளிது. கயாக்கில் மின்விசைப் பொறி பொருத்த நினைப்பவர்கள், உரிம விதிகளைக் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

வீவக வீட்டில் எங்கே வைப்பது?

நான்கு மீட்டர் கயாக் மின்தூக்கிக்குள் நுழையாது. பொதுத் தாழ்வாரத்தில் சாய்த்து வைக்கலாம் என்றால், தீப்பாதுகாப்புக்காக அங்கு 1.2 மீட்டர் அகல வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதனால் அடுக்குமாடி வாசிகள் பலருக்கு ஏற்றது காற்றடைக்கும் கயாக். அதில் தூண்டில் முள்ளையும் மீனின் முள்ளையும் கவனமாகக் கையாள வேண்டும்.

மீன் முள் கயாக்கை மட்டுமன்றி நம்மையும் பதம் பார்க்கும். கெளுத்தி, திருக்கை இரண்டுக்கும் நச்சு முள் உண்டு. குறுகிய இடத்தில் அவற்றை மடியில் போட்டுக்கொண்டு போராடுவதைவிட, தூண்டில் நரம்பை வெட்டி விட்டுவிடுவது நல்லது. முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் காயத்தை வைத்து, மருத்துவ உதவி நாடுங்கள்.

முதலில் கவிழப் பழகுங்கள்

கயாக் கவிழும். பெரிய மீன் ஒரு பக்கம் இழுக்கும்போது நாமும் அதே பக்கம் சாய்ந்தாலே போதும். ஆழ்நீரில் மீண்டும் ஏறி அமரத் தெரியாதவருக்கு, மிதக்கும் கயாக் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. மக்கள் கழகத்தின் ‘பேஷன் வேவ்’ நீர் விளையாட்டு நிலையங்கள் பிடோக் நீர்த்தேக்கம், ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் முதலிய இடங்களில் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சியில் கவிழ்ந்து மீள்வதும் ஒரு பாடம்.

உயிர்காப்பு அங்கியைக் கயாக்கில் வைப்பதால் பயனில்லை, அணிந்திருக்க வேண்டும். துடுப்பைக் கயிற்றால் கயாக்குடன் இணையுங்கள். கைப்பேசியை நீர்புகாத உறையில் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குள் அழைக்காவிட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள்.

முதல் சில பயணங்களுக்குத் தூண்டிலை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, யார் உதவியும் இல்லாமல் ஏறிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை ஏற முடிந்த பிறகு கொடுவாவைத் தேடிப் போகலாம்.