இரும்பைக் கேட்காதீர்கள், துவைச்சலைக் கேளுங்கள்

"சித்தப்பா, இது வாங்கலாமா? பாத்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டினான் பக்கத்து வீட்டுப் பையன். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவிலேயே வளர்ந்தவன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. திரையில் ஒரு ஜப்பானிய வாள், கட்டானா. கறுப்பு அரக்குப் பூசிய உறை, பிடியில் குறுக்குமறுக்காகச் சுற்றிய நாடா, அலகு நெடுக அலை அலையாக ஒரு வெள்ளைக் கோடு. "1060 ஹை கார்பன் ஸ்டீல். கேட்ட நீளத்தில், கேட்ட நிறத்தில் செய்து தரப்படும்" என்று கீழே போட்டிருந்தது. விலையும் அவன் சேர்த்து வைத்திருந்த பணத்துக்குள் அடங்கியது.

அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல அலகைக் கண்டால் கை நீளுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசத்துக்குள் போனால் பழைய வாள்களோடு வளரி என்ற எறியாயுதத்தையும் பார்க்கலாம். ஆனால் பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாள் வாங்க நினைப்பவருக்கு இது உதவும். பனைமட்டை வெட்ட அருவா செய்யச் சொல்பவருக்கு இன்னும் அதிகமாக உதவும்.

முதலில் அந்த எண். 1060 என்பதில் கடைசி இரண்டு இலக்கம் இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவு: 0.60 சதவீதம். 1045 என்றால் 0.45, 1095 என்றால் 0.95. கரி கூடக்கூட இரும்பைக் கடினமாக்க முடியும். முறிகிற குணமும் கூடவே வரும். இந்த 0.60 கரி உள்ள இரும்பு நம்மூரில் எங்கே இருக்கிறது? பாம்பனில் மீன் ஏற்ற நிற்கிற லாரிகளுக்கு அடியில் இருக்கிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரி ஏறக்குறைய 0.5 முதல் 0.6 வரை. வாள் விளம்பரங்களில் 5160 என்று இன்னொரு எண் பெருமையாக வரும். அது ஸ்பிரிங் பட்டைக்கே பேர்போன இரும்பு. திருப்பாச்சேத்தி அருவாவும் பழைய பட்டையிலிருந்துதான் அடிக்கப்படுகிறது. ஆக, அவன் போனில் பார்த்த வாளும், அவன் தாத்தா வீட்டுக் கூரையில் செருகியிருக்கிற அருவாவும் இரும்பு வகையில் பங்காளிகள். (பழைய தமிழகத்து மூசை உருக்கு வேறு சங்கதி. கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மூசைகள் அதன் சாட்சி. அதில் கரி 1.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைச் சோதித்து எழுதினார்.)

அடுத்தது, அந்த வாள் எங்கே பிறக்கிறது என்பது. மலிவு விலையில் "சொல்லிச் செய்யும்" கட்டானாக்களில் பெரும்பகுதி சீனாவின் செஜியாங் மாகாணத்திலுள்ள லாங்சுவான் ஊரிலிருந்து வருகிறது. ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே கொல்லர் ஐந்து ஆண்டு குருவிடம் இருந்து உரிமம் பெற வேண்டும். மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது. ஷிமானே பகுதியில் 1977 முதல் மறுபடி எரிகிற தத்தாரா உலையில் இரும்பு மணலை உருக்கி எடுக்கும் எஃகுதான் மூலப்பொருள். அப்படிப்பட்ட வாள் பல லட்ச ரூபாய். ஆகவே மலிவான வாள் ஜப்பானிய வடிவில் செய்த வாள், அவ்வளவுதான். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கொடுக்கிற காசுக்கு நல்ல அலகாக இருந்தால் போதும். நல்ல அலகா என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

சட்டத்தை நான் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் யாரும் படிப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் வாளும் வருகிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்தியும் ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவைக்கு மட்டும் விலக்கு. கூர் தீட்டிய கட்டானாவுக்கு இந்த விலக்குக் கிடைக்காது. வாங்குவதற்கு முன் காவல் நிலையத்திலோ வழக்கறிஞரிடமோ உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். கொரியர் வந்து சேர்ந்துவிட்டால் சட்டமும் ஒத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. வாள்வீச்சு கற்கத்தான் ஆசை என்றால், ஜப்பானியரே பயிற்சிக்கு மரவாளையும், கூர் இல்லாத கலப்புலோக வாளையும்தான் எடுக்கிறார்கள்.

பையன் முகம் வாடிப்போயிற்று. அவர்கள் வீட்டுக் கொல்லையில் நாலு பனை, வேலி ஓரம் முழுக்க சீமைக்கருவேலம். வீட்டு அருவாவோ மொன்னையாகிக் கிடந்தது. "வா, உனக்கு ஒண்ணு அளவு சொல்லிச் செய்வோம்" என்று மதுரை ரயிலில் ஏற்றித் திருப்பாச்சேத்திக்கு அழைத்துப் போனேன். மானாமதுரைக்கு அடுத்து, வைகைக் கரைப் பக்கம். சிவகங்கை மாவட்டம் என்றாலும் எங்கள் கடற்கரைக்கு அருவா அங்கேயிருந்து வருவது பழைய வழக்கம்.

பட்டறையில் ஆசாரி அடித்து முடித்த ஓர் அருவாவை மறுபடி உலையில் வைத்திருந்தார். எரிவது கருவேலங்கரி. ப்ளோயரைக் குறைத்து வைத்துவிட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு 770 டிகிரி தொட்டால் காந்தம் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே, எண்ணூறைத் தாண்டி, பழுத்த நாரத்தை நிறம் வரும்போதுதான் துவைச்சலுக்கு, அதாவது தண்ணீரில் தோய்த்துப் பதமேற்றுவதற்கு, பக்குவம். குறட்டால் எடுத்தார். முழுதாக முக்கவில்லை, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இறக்கினார். சுர்ரென்று ஒரு சத்தம், ஆவி. எடுத்து, வாயைக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்து வெள்ளையாக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு வாயை நோக்கி ஊர்ந்து வந்தது. வெளுத்த இரும்பில் இளமஞ்சள் வந்தது, வைக்கோல் நிறம் வந்தது, பழுப்பு எட்டிப்பார்த்தது. அந்த நொடியில் மறுபடி தண்ணீர்.

"நீலம் வரட்டும்னு பாத்தா என்னாகும்ணே?" என்று பையன் கேட்டான்.

"வாய் மடங்கிப்போகும் தம்பி. மஞ்சள்லேயே நிறுத்திட்டா கருவேலங் கணுவுல சில்லு பேந்துரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண் இமைக்கிற நேரந்தான்."

அவர் சொன்ன அந்த இடைவெளியைக் கணக்கில் சொன்னால், இளமஞ்சள் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் 300. வாளோ அருவாவோ, ஓர் அலகின் குணம் இந்த எண்பது டிகிரிக்குள் முடிவாகிவிடுகிறது. விளம்பரத்தில் இரும்பின் எண்ணைப் பெரிதாகப் போட்டவர்கள் துவைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1060 இரும்பைச் சரியாகத் துவைக்காவிட்டால் அது வெறும் பட்டைதான்.

ஜப்பானியக் கொல்லர் தேடுவதும் இதே குணம்தான்: வாய் கடினமாக, முதுகு தாங்குகிறதாக. அவர் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாயில் மெலிதாகவும் பூசி முழு வாளையும் தண்ணீரில் இறக்குகிறார். வாய் சட்டென்று ஆறிக் கடினமாகிறது, முதுகு மெல்ல ஆறுகிறது. அந்த இரண்டும் சந்திக்கிற எல்லைதான் அலை அலையாகத் தெரியும் வெள்ளைக் கோடு, ஹாமோன். வாளின் அழகிய வளைவும் பெரும்பாலும் இந்தத் துவைச்சலில் தானாக விழுவதுதான். மலிவு வாள்களில் அமிலம் தடவியோ கம்பி பிரஷால் தேய்த்தோ அந்தக் கோட்டை வரைந்துவிடுகிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உண்மையான கோடு பனிமூட்டம் போல ஆழம் காட்டும். வரைந்தது மேலோடு நிற்கும், ஒரு தடவை மெருகு போட்டால் போய்விடும்.

துவைச்சலைக் கையால் சோதிக்கவும் வழி உண்டு. ஒரு புது அரத்தை எடுத்து வாயில் மெல்லத் தேய்த்தால் வழுக்க வேண்டும், முதுகில் தேய்த்தால் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கடித்தால் துவைச்சலே இல்லை. இரண்டிலும் வழுக்கினால் முழுதும் கடினம், அடி தாங்காமல் ஒடியலாம். அடுத்து, பித்தளைக் கம்பி ஒன்றின் மேல் வாயைச் சாய்த்து அழுத்துங்கள். மயிரிழை அளவு வளைந்து திரும்பினால் நல்ல பதம். வளைந்தபடி நின்றால் மெது, பொடிந்தால் கடினம் மிஞ்சியது. பிறகு முதுகைக் கண்ணோடு வைத்துத் துப்பாக்கி குறி பார்ப்பது போல் பாருங்கள், கோணல் தெரிந்துவிடும். விரல் கணுவால் அலகைச் சுண்டினால் கணீர் என்று வர வேண்டும். செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது பிடி ஆடுகிறது.

பிடி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் முன்பு நான் சந்தையில் வாங்கிய ஓர் அருவா, பளபளவென்று நல்ல கனத்தில் இருந்தது. மூன்றாம் நாள் மட்டை வெட்டும்போது அலகு பிடியை விட்டுக் கழன்று பறந்து, என் மகன் நின்றிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தியது. எடுத்துப் பார்த்தால், பிடிக்குள் போன காம்பு என் சுண்டு விரலில் பாதி நீளம்கூட இல்லை. அன்றிலிருந்து எந்த அலகை வாங்கினாலும் முதலில் காம்பைத்தான் கேட்கிறேன். அருவாவில் காம்பு பிடியின் மறுமுனை வரை போய் மடக்கி அடிக்கப்பட்டிருக்க வேண்டும், பிடி வாயில் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். வாளிலும் இதுதான் முதல் கேள்வி. சரியான கட்டானாவில் அலகும் காம்பும் ஒரே இரும்பு. ஒரு மூங்கில் ஆணிதான் பிடியோடு பிணைக்கும். ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று காம்பு வெளியே வரும். செய்த கொல்லர் பெயர் பொறிப்பதும் அங்கேதான். மலிவு வாள்களில் அலகின் அடியில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மறையைச் சுழற்றி முடித்திருப்பார்கள். வீசினால் ஒடிந்து பறக்கும். "பிடியைக் கழற்ற முடியாது" என்று விற்பவர் சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். "துருவே பிடிக்காது" என்று விற்கும் எவர்சில்வர் நீள வாளையும் சுவரில் மாட்டுவதற்கு மேல் எதற்கும் நம்பாதீர்கள்.

சொல்லிச் செய்வது என்றால் நிறம் தேர்ந்தெடுப்பது என்று அந்த விளம்பரம் நினைக்கிறது. பட்டறையில் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. என்ன வெட்டப்போகிறாய், பனைமட்டையா கருவேலமா? வலது கையா இடது கையா? வெட்டப்போவது நீ மட்டுமா, அம்மாவும் எடுப்பாங்களா? பையனின் கையை நீட்டச் சொல்லி, விரல் மடக்கிப் பிடிக்கும் சுற்றளவைப் பார்த்துத்தான் பிடிக்குக் கட்டை எடுத்தார். எடை எங்கே விழ வேண்டும் என்பதும் வேலையைப் பொறுத்தது. கட்டானாவின் நிறை நிற்கும் இடம் பிடியிலிருந்து நாலைந்து அங்குலத்தில். அதனால்தான் அது கைக்குள் சுழல்கிறது. வெட்டரிவாளில் எடை முன்னால் தள்ளி இருக்கும், அது தானே விழுந்து வெட்ட வேண்டும். சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் வைத்திருக்கும் பாளை அருவாவைப் பாருங்கள்: மெலிந்த அலகு, எடை கிடையாது. பாளையைச் சீவ வேண்டுமே தவிர வெட்டக் கூடாது. சீவல் தப்பினால் அன்றைய பதநீர் போச்சு. மரக்கட்டையில் வெங்கச்சங்கல் பொடி தூவித் தீட்டித் தீட்டி, மயிர் சிரைக்கிற கூரில் வைத்திருப்பார்கள். கருவேலத்துக்குச் செய்ததைப் பாளைக்குக் கொண்டுபோக முடியாது.

பட்டறையில் பெயர், முகவரி, போன் எண் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். யாருக்கு எதற்கு விற்றோம் என்று எழுதி வைக்கும்படி 2021இல் காவல்துறை சொன்னது. அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி உப்பு. எங்கள் தீவுக் காற்று இரும்பைத் தின்னும். மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தைச் சோதிக்க ஒரு மையமே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கும் இதனால்தான் எவர்சில்வர் கம்பியும் தனி வகைப் பெயின்ட்டும் தேவைப்பட்டன. கரி கூடிய நல்ல அலகு எவர்சில்வரைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். அது குறையில்லை, அதன் இயல்பு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஏனென்றால் உப்பின் மேல் எண்ணெய் தடவினால் உப்பு அடியிலேயே இருந்து வேலை செய்யும். துடைத்து, வெயிலில் காயவைத்து, மெல்லிய மிஷின் ஆயில் தடவுங்கள். மீன் வெட்டுகிற அருவாமனைக்குத் தேங்காயெண்ணெய். தோல் உறை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியில் சுற்றிக் காற்றாட மாட்டினால் போதும். ஜப்பானியரும் வாளை மரஉறையில்தான் வைக்கிறார்கள், அவ்வப்போது பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாகத் தடவுகிறார்கள்.

கடைசியாக ஆசாரி சொன்ன ஒன்று. புது அருவாவை ஒரு வாரம் நன்றாக வெட்டிப் பாருங்கள். எங்கே மடங்கியது, எங்கே சில்லு போனது, பிடி கையில் எங்கே உறுத்துகிறது என்று குறித்துக்கொண்டு அதே பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். பையன் போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்தான். நுனிப்பக்கம் வாய் கொஞ்சம் மடங்கியிருந்தது. இன்னொரு தரம் துவைத்து, பிடியில் அரை விரற்கடை சீவிக் கொடுத்திருக்கிறார்.