பாய் இடம், தாய் வலம்

தலைநகருக்குக் குடிபெயர்ந்து வந்த நம்மவர் முதலிற் கற்ற ஹிந்திச் சொற்கள் பெரும்பாலும் காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் பேசுதற்கு உரியவை. என் தமக்கையார் முதலிற் கற்றவையோ வேறு இரண்டு சொற்கள். அவற்றைத் துணைக்கொண்டு அவர் இன்று தில்லி மெட்ரோ ரயிலில் தனியே பிரயாணம் செய்கிறார். அவருக்குக் கண்பார்வை அறவே இல்லை.

ஐம்பத்தெட்டாம் வயதிற் கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்து, கணவரையும் பறிகொடுத்து, திருநெல்வேலியை விட்டு எங்களோடு வசிக்க வந்தார். தமிழன்றிப் பிறமொழி அறியார். முதலாண்டு முழுவதும், நாங்கள் கைபிடித்து அழைத்தால் வெளியே வருவார். இன்றேல் வீட்டிலேயே இருப்பார். "நான் எங்கே தம்பி உங்களோடு வருகிறேன்? நீங்கள் தூக்கிச் செல்லும் மூட்டைகளில் நானும் ஒன்று" என்றார் ஒருநாள். அன்றிரவு எனக்கும் என் மனைவிக்கும் உறக்கம் வரவில்லை. பார்வையற்றோர்க்கு நடைப்பயிற்சி அளிக்கும் ஆசிரியை ஒருவரை மறுவாரமே நாடினோம்.

1995-ஆம் ஆண்டிலேயே ஊனமுற்றோர்க்கெனச் சட்டம் பிறந்துவிட்டது. 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே மெட்ரோ தொடங்கியபோது, சாய்தளமும் மின்தூக்கியும் தரையில் வழிகாட்டும் ஓடுகளும் அதனோடு வந்தன. அந்த மஞ்சள் ஓடுகளை நாம் நாள்தோறும் மிதித்துச் செல்கிறோம்; அவை அழகுக்காகப் பதித்தவை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஜப்பானியரான செய்இச்சி மியாகே என்பார் 1965-இல் அவற்றை வகுத்தார். 1967-இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கருகே முதன்முதலாகப் பதித்தனர். நீண்ட வரிகள் புடைத்திருந்தால் 'நட' என்பது பொருள். புள்ளிகள் புடைத்திருந்தால் 'நில்'. படிக்கட்டு வருகிறது, பாதை திரும்புகிறது, நடைமேடை முடிகிறது என்பதெல்லாம் புள்ளிகளின் எச்சரிக்கை. மேடையோரத்தில் தடுப்பில்லாத நிலையங்களில், ஓர் உயிருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே காவலாக நிற்பவை அப்புள்ளிகளே. அவற்றின்மேல் நாம் கூட்டமாக நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிறோம்! தடித்த அடியுள்ள காலணியில் வரியும் புள்ளியும் தெரிவதில்லை என்று அக்காள் இரண்டாம் நாளே மெல்லிய செருப்புக்கு மாறிவிட்டார்.

ஓடு காலுக்கு வழி சொல்லிற்று. மொழிதான் இடறிற்று. அடுத்த நிலையம் இன்னதென்றும், கதவு எப்பக்கம் திறக்குமென்றும் வண்டியில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கின்றனர். ஊர்ப்பெயர்களை எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கதவுப் பக்கத்தை அவ்வாறு எண்ண இயலாதே! இடப்புறத்துக்குரிய ஹிந்திச் சொல் நம் செவிக்குப் 'பாயீ' என்றும், வலப்புறத்துக்குரியது 'தாயீ' என்றும் ஒலிக்கின்றன. கூட்ட நெரிசலில் அந்த ஓரெழுத்து வேற்றுமை நழுவிவிடும். அக்காள் பலமுறை எதிர்க்கதவருகே போய் நின்றார். பிறகு தாமே ஒரு சூத்திரம் அமைத்தார்: "பாய் இடம், தாய் வலம்." அதன்பின் தவறவில்லை.

தவறவில்லை என்று முழுதாகக் கூறிவிடவும் முடியாது. இருக்கைகள் வண்டியின் இருபக்கச் சுவரையொட்டி நீளவாக்கில் இருத்தலால், அமர்ந்திருப்பவரின் இடக்கை வண்டியின் இடப்பக்கம் ஆகாது. வண்டி புறப்படும்போது உடல் எப்பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் வண்டி போகிறது. அத்திசை நோக்கி மனத்தில் எழுந்து நின்று, பிறகு இடவலம் பார்க்கவேண்டும். இதனை ஆசிரியை சொல்லித்தரவில்லை. அக்காள் தாமே கண்டது. கண்ணுள்ள எனக்கு இது விளங்க இருமுறை கேட்கவேண்டியிருந்தது.

நிலையத்தின் வாயிலைத் தாண்டினால் கதை வேறு. எங்கள் நிலையத்துக்கு வெளியே நடைபாதையிலும் மஞ்சள் ஓடுகள் உண்டு. அவை நேரே சென்று ஒரு மின்கம்பத்தில் முட்டி முடிகின்றன. பதித்தவர் கண்ணுள்ளவராகத்தான் இருந்திருக்கவேண்டும். அப்பாலோ நிறுத்திவைத்த ஸ்கூட்டர்கள், தள்ளுவண்டிகள், தாழ்ந்த மரக்கிளைகள். சாதாரண வெண்கோல் தரையையும் முழங்காலளவையுமே அறியும். முகத்துக்கு நேரே வருவதை அறிந்து அதிர்வால் உணர்த்தும் கோலொன்றைத் தில்லி ஐ.ஐ.டி.யினர் வடிவமைக்க, சென்னை நிறுவனமொன்று உற்பத்தி செய்து 2014-இல் வெளிவந்தது. அதனை அக்காளுக்கு வாங்கிக் கொடுத்தோம்.

2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம் சாலையையும் வாகனத்தையும் யாவர்க்கும் உரியனவாக்கக் கூறுகிறது. ஆயினும் அதன் கீழ் எழுந்த விதி, தர அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டிருந்தது. அவ்விதி சட்டத்துக்கு முரணானதென்று 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. எங்கள் மின்கம்பம் அசையவில்லை.

உதவ விழையும் அன்பர்களுக்கு அக்காள் சார்பில் ஒரு விண்ணப்பம். கையைப் பற்றி இழுக்கவேண்டா. முதுகிற் கைவைத்துத் தள்ளவும் வேண்டா. "உதவட்டுமா?" என்று வாயால் கேளுங்கள், இசைந்தால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள். அவர் அதனைப் பற்றி அரையடி பின்னால் வருவார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பஜனைக்குத் தனியே சென்றவர் திரும்ப நேரமாயிற்று. பொறுக்கமாட்டாமல் நிலைய வாயிலுக்கு ஓடினேன். கோலை வீசியபடி வெளியே வந்தவர் என் செருப்போசையைக் கேட்டுவிட்டார். "ஏன் வந்தாய்? தஞ்சாவூர்ப் பெண்ணொருத்தியை ரயிலில் கண்டேன்; ஊருக்குப் புதியவள், இறங்க வழி தெரியாமல் விழித்தாள். அவளை அவள் நிலையத்தில் இறக்கிவிட்டு அடுத்த வண்டியில் வருகிறேன்" என்றார்.