ஓசூரில் பிறந்த ஷோகன்

டிவிஎஸ்-சுசுகி 1993-இல் ஓசூர் ஆலையில் இருந்து கொண்டுவந்த ஷோகன், 110 சிசி-க்கும் குறைவான டூ ஸ்ட்ரோக் பைக். அதன் திறன் 14 குதிரைத்திறன். அன்று வேகத்துக்குப் பெயர்போன யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு 11 தான். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு பிரிந்து போனது. எனவே ஷோகனைத் தருமபுரி மாவட்டத்து வண்டி என்று உரிமையோடு சொல்லலாம்.

டூ ஸ்ட்ரோக் என்ஜின் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும். இழுவை அதிகம், புகையும் அதிகம். 1996-லும் 2000-லும் புகை விதிகள் இறுகியதும் இந்த வகை பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. ஓடுபவை குறையக் குறையத் தேடுவோர் கூடினர். பரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த, 347 சிசி இரட்டை சிலிண்டர் ராஜ்தூத் 350-உம் இப்படித்தான். பெட்ரோல் குடிக்கிறது என்று அன்று பலர் ஒதுக்கிய அதற்கு, இன்று சேகரிப்போரிடம் தனி மதிப்பு.

வாங்கும்போது பெயின்ட் பளபளப்பில் மயங்கக் கூடாது. அதை எந்தப் பட்டறையிலும் அடித்துக்கொள்ளலாம். சாசியிலும் என்ஜினிலும் பொறித்த எண்கள் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண்ணைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வண்டி சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை அடங்காமல், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். சீல் மாற்ற என்ஜினைப் பிரித்தாக வேண்டும். கம்பெனி சைலன்சர் இருக்கிறதா என்பதும் முக்கியம். தொலைந்த ஒரிஜினல் பாகத்தைத் தேடிப் பிடிப்பது என்ஜின் வேலையைவிடக் கடினம்.

தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூரு சந்தை பக்கம். ஆனால் கர்நாடகப் பதிவு வண்டியை இங்கே நிலையாக வைத்துக்கொள்ள அங்குள்ள ஆர்டிஓ-வின் தடையில்லாச் சான்று வேண்டும். 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றி, இங்கே வரியும் கட்ட வேண்டும். பேரம் முடியும் முன்பே இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது நல்லது. சான்று இல்லாத வண்டிக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது.

2021-இல் வந்த மத்திய விதிப்படி, பழம்பெரும் வாகனமாகத் தனிப் பதிவு பெற 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முதல் ஷோகன்களுக்கு அந்தத் தகுதி 2043-இல்தான் வரும். அதுவரை, 15 வயது கடந்த மற்ற பைக்குகளைப் போலவே 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும்.