நின்ற கார்களின் மறுவாழ்வு – 6: சாவியைத் திருப்புவதற்கு முன்

1961 மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1974 வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. அவற்றுள் கொட்டகைகளில் பல்லாண்டுகள் நின்றுபோன ஒன்றை மீட்க முற்படுவோர், எஞ்சின் உறுமுவதைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆவலில் முதலிலேயே சாவியைத் திருப்பிவிடுவதுண்டு. நீண்ட ஓய்வு செய்யாத கேட்டை அந்த ஒரு திருப்பு செய்துவிடக்கூடும். ஓடும் கார் எங்கெங்கே தேயும் என்பதை அதன் வடிவமைப்பாளர்கள் அறிந்து மாற்றுப் பாகங்களுக்கு வழிவகுத்திருப்பர். நிற்கும் காரோ கண்ணுக்கு எட்டாத இடங்களில் அரிக்கப்படுகிறது என்பதால், அதன் சோதனைக்குத் தனியொரு வரிசைமுறை தேவைப்படுகிறது.

அவ்வரிசையில் முதலிடம் உடற்கூட்டுக்கு உரியது. பயணிகள் அமரும் நடுப்பகுதி, தனிச் சட்டகம் இன்றித் தகட்டு உடலே சுமையைத் தாங்கும் 'மோனோகாக்' அமைப்பாகும். அதன் முன்சுவரில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட சதுரக் குழாய்க் கூடு எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் ஏந்துகிறது. இக்குழாய்கள் உட்புறமிருந்து துருப்பிடிப்பதால், வெளிப் பெயின்ட் நன்றாக இருப்பது எதற்கும் சான்றாகாது. கதவுகளின் அடியில் நீளும் 'சில்' எனப்படும் பெட்டித் தகடுகள் உளுத்திருந்தால், காரை ஜாக்கியால் உயர்த்தும்போது கதவின் இடைவெளி மாறுவதைக் கொண்டு அதை அறியலாம்.

அடுத்தது எஞ்சின். 3.8 லிட்டராகத் தொடங்கி 1964இல் 4.2 லிட்டராக வளர்ந்த இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில், பிளாக் வார்ப்பிரும்பாலும் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. எனவே, துருத்தடுப்புச் சத்து இழந்த பழைய குளிர்விப்பு நீரில் அலுமினியம் அரிக்கப்பட்டு நீர்வழிகள் சிதையும். உள்ளே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெயை விட்டுச் சில நாள் ஊறவைத்து, கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையை ஸ்பேனரால் கையாலேயே சுற்றிப் பார்ப்பது முறை. கை உணரும் தடையை ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது. அது வலிந்து சுழற்றினால் வளையம் முறியும், திறந்தபடி சிக்கிய வால்வும் வளையும். தடையின்றிச் சுழன்றால், பழைய ஆயிலை வடித்துப் புதியதை நிரப்பி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஆயில் அழுத்த முள் எழும்வரை காத்திருக்க வேண்டும். 3.8 லிட்டர் கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைத்தால் டைனமோவின் ரெகுலேட்டர் பழுதாகக்கூடும்.

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் கூறுகள் நீங்கியபின் பிசின் எஞ்சுகிறது. 3.8 மாதிரியில் பம்ப் டேங்கினுள்ளேயே மூழ்கியிருப்பதால், அதையும் டேங்கையும் ஒருங்கே கழற்றித் துப்புரவு செய்வது நலம். மூன்று எஸ்யூ கார்புரேட்டர்களில் மிதவையோடு இயங்கும் ஊசி வால்வு பிசினில் சிக்கினால், பெட்ரோல் வழிந்து தீப்பற்றும் ஆபத்து உண்டு.

எல்லாவற்றினும் உழைப்பைக் கோருவது பிரேக். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் காலிப்பர் பிஸ்டன்கள் துருவேறி இறுகுகின்றன. ரப்பர் குழாய்கள் உள்ளே வீங்கினால், மிதியை விட்ட பின்னும் பிடி தளராது. இக்காரின் பின் டிஸ்க்குகள் சக்கரங்களில் இல்லாமல் டிஃபரன்ஷியலின் இருபக்கமும் உட்புறமாக அமைந்துள்ளதால், பின் சஸ்பென்ஷனை ஒரே தொகுதியாகக் கீழே இறக்கியே அவற்றை முழுமையாகச் சீரமைக்க முடிகிறது. வேலை கடினம் என்று இதைத் தள்ளிப்போட்டு, எஞ்சின் ஓடுவதையே வெற்றியாகக் கொள்வது பொதுவான பிழை. 265 குதிரைத்திறன் எனத் தயாரிப்பாளரால் கூறப்பட்ட கார், பிரேக் சீராகும்வரை கொட்டகை வாசலைத் தாண்டுவதற்கே தகுதியற்றது.

கையால் சுற்றியும் அசையாத எஞ்சினில் ஹெட்டைக் கழற்றும் முறை அடுத்த இதழில் விளக்கப்படும்.

(தொடரும்)