பந்து வந்தது, மைதானம் யாருக்கு?

பொங்கல் விடுமுறையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வழியில் பாருங்கள். அறுவடை முடிந்த வயலிலும் தரிசிலும் ஸ்டம்பு நட்டு நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். பல கிராமங்களில் ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி. இதை இயல்பு என்று நம் மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. இப்படிப் பிரித்து வைத்த ஆட்டங்கள் உலகில் வேறிடத்திலும் இருந்தன; உடைக்கவும் பட்டன.

அமெரிக்காவின் பெரிய ஆட்டம் பேஸ்பால். கிரிக்கெட்போல மட்டையும் பந்தும் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே பெரிய அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. எழுதிய சட்டம் இல்லை. முதலாளிகளுக்குள் எழுதாத ஒப்பந்தம். கறுப்பர்கள் தனி லீக் நடத்தி ஆடினார்கள்.

1947 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கியது. வாரக் குத்தகைக்கு உழுத குடும்பத்துப் பிள்ளை அவர். அவரோடு ஆட மாட்டோம் என்று சொந்த அணியிலேயே சிலர் மனு எழுதினர். எதிரணியினர் வசைபாடினர். அவர் ஆட்டத்தால் பதில் சொன்னார்: அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், 1949இல் தம் லீகின் தலைசிறந்த வீரர். ராய் காம்பனெல்லா, டான் நியூகோம்ப் என அடுத்தடுத்துக் கறுப்பின வீரர்கள் வந்தனர். 1955இல் புரூக்ளின் முதன்முறையாக உலகத் தொடர் கோப்பையை வென்றது.

ராபின்சனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் ஒருவர் இருந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு. புனேயில் மைதானப் பணியாளராக இருந்து பந்துவீச்சாளரானார். இந்து அணிக்கு அவர் விக்கெட் வேண்டும். ஆனால் தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தும் அவரை அணித்தலைவராக்கவில்லை. அந்தப் பொறுப்பு 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

மீண்டும் டாட்ஜர்ஸ் கதைக்கு வருவோம். புதிய மைதானத்துக்கான இடம் பற்றி நகர நிர்வாகத்தோடு உடன்பாடு ஏற்படவில்லை. உரிமையாளர் வால்டர் ஓமாலி 1958இல் அணியையே நாட்டின் மறுகோடியில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோனார். ராபின்சன் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். காம்பனெல்லா அந்த ஜனவரியில் கார் விபத்தில் முடங்கிப்போனார். புரூக்ளினின் பழைய மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது.

புதிய மைதானம் எழுந்த இடம் சாவேஸ் பள்ளத்தாக்கு. மெக்சிகோ வழிவந்த ஏழைகள் வீடு கட்டி, காய்கறி பயிரிட்டு வாழ்ந்த பூமி. அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று 1950இல் அவர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் அணிக்குப் போனது. மறுத்து நின்ற கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் போலீஸ் தூக்கி வெளியேற்றியது. 1962இல் அங்கே ஆட்டம் தொடங்கியது.

நிறத்தடையை உடைத்த அணிதான் ஏழைகளின் நிலத்தில் மைதானம் கட்டியது. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. திறமை இருந்தால் கதவு திறக்கலாம். நிலம் கையில் இல்லாவிட்டால் நிற்க இடம் இருக்காது.

கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு மட்டையும் பந்தும் வந்திருக்கின்றன. அவை காலனிப் பிள்ளைகள் கைக்கு வருகின்றனவா? ஊர்ப் பொது மைதானத்தில் அவர்கள் ஆட முடிகிறதா? அடுத்த கிராமசபையில் மாணவர்களே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நாமும் உங்களோடு வந்து உட்காருவோம்.