பார்ட்டிக்கு மினி பப்ஸ்... முந்தின நாளே ரெடி பண்ணுங்க, நீங்களும் ஹால்ல உட்காருங்க!

சனிக்கிழமை சாயந்திரம் ஃப்ரெண்ட்ஸ் பத்துப் பேர் வீட்டுக்கு வர்றாங்கன்னு வெச்சுக்கோங்க. சூடா பஜ்ஜி போடலாம்னு முடிவு பண்ணினா என்ன ஆகும்? ஹால்ல பாட்டும் சிரிப்புமா ஓடிக்கிட்டிருக்கும். நீங்க கிச்சன்ல எண்ணெய்ச் சட்டி முன்னாடி வியர்வையோட நின்னுக்கிட்டிருப்பீங்க. கடைசி ஈடு எடுத்துட்டு வெளியே வர்றப்போ பாதிப் பேர் கேப் புக் பண்ணியிருப்பாங்க. நம்ம அம்மாக்கள் எத்தனை பிறந்தநாளை இப்படி அடுப்படியிலேயே கழிச்சிருக்காங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

இதுக்கான விடை நம்ம தெருமுனை பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே இருக்கு. அதான், பப்ஸ்! செய்ய நேரம் எடுக்கும்தான். ஆனா, அந்த வேலை மொத்தத்தையும் முந்தின நாளே முடிச்சுடலாம். பார்ட்டி அன்னிக்கு ட்ரேயை உள்ளே வைக்கிறதும் வெளியே எடுக்கிறதும் மட்டும்தான் உங்க வேலை.

பப்ஸ் ஏன் உப்புது?

இதுல ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. மைதா, வெண்ணெய், தண்ணீர் மட்டும்தான். மாவை விரிச்சு, மடிச்சு, மறுபடி விரிச்சு மடிக்கிறப்போ மாவு ஓர் அடுக்கு, வெண்ணெய் ஓர் அடுக்குன்னு மெல்லிசா உருவாகும். சூடான அவனுக்குள்ள போனதும் மாவுலயும் வெண்ணெயிலயும் இருக்கிற தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல இடம் கேட்கும். அந்த ஆவிதான் ஒவ்வோர் அடுக்கையும் மேலே தள்ளி விடுது. நடுவுல இருக்கிற கொழுப்பு, அடுக்குகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பார்த்துக்குது.

பரோட்டாவுலயும் எண்ணெய்தான் அடுக்கைப் பிரிக்குது. ஆனா, அங்கே எண்ணெய் திரவமா இருந்தாலே போதும். பப்ஸுக்கு வெண்ணெய் கெட்டியா இருந்தாகணும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வெண்ணெய் உருகி ஓட ஆரம்பிச்சுடும். நம்ம ஊர் மே மாச கிச்சன் அதைவிடச் சூடு. வெண்ணெய் உருகி மாவுக்குள்ள இறங்கிட்டா அடுக்கு இருக்காது, கனமான பிஸ்கட் மாதிரிதான் வரும்.

ஆக, மாவு எப்பவும் ஜில்லுனு இருக்கணும், அவன் நல்லா சூடா இருக்கணும். இந்த ஜில்லுதான் உங்களுக்கு லாபமும்கூட. ஃப்ரிட்ஜ்ல காத்திருக்கிறது இந்த மாவுக்கு நல்லதுங்கிறதால, நீங்க அவசரப்படவே வேண்டாம்.

மாவு: ரெண்டு வழி இருக்கு

முதல் வழி, சூப்பர் மார்க்கெட் ஃப்ரீஸர்ல கிடைக்கிற பப் பேஸ்ட்ரி ஷீட். முந்தின ராத்திரியே ஃப்ரீஸர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்தி வெச்சுடுங்க. வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிங்க. பல ஷீட்கள்ல வெண்ணெய்க்குப் பதிலா மார்ஜரின் இருக்கும். சீக்கிரம் உருகாதுங்கிறதால பேக்கரிகளுக்கு அது வசதி. எண்ணெய், கொழுப்பு வகைகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு வெச்சிருக்கு. 2022 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில இருக்கு. இருந்தாலும், லேபிளைப் பார்த்து வாங்குறது நல்ல பழக்கம்.

ரெண்டாவது வழி, வீட்டுலயே செய்யுற 'ரஃப் பப்'. முறையான ஃப்ரெஞ்சு பாணியில மூணா மடிக்கிறதை ஆறு தடவை செய்வாங்க. கணக்குப்படி 729 அடுக்கு! நமக்கு நாலு மடிப்பே தாராளம்.

* மைதா 250 கிராம்
* ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ணெய் 200 கிராம்
* ஐஸ் தண்ணீர் 100 முதல் 120 மில்லி
* எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன்
* உப்பு அரை டீஸ்பூன் (உப்பு சேர்த்த வெண்ணெய்னா இது வேண்டாம்)

வெண்ணெயைச் சின்னச் சின்ன சதுரமா வெட்டி மைதாவுல புரட்டுங்க. சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது, வெண்ணெய்த் துண்டு கண்ணுக்குத் தெரியணும். எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு, ஒண்ணு சேர்ற அளவுக்கு மட்டும் உருட்டுங்க. மூடி வெச்சு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

வெளியே எடுத்து, நீள செவ்வகமா தேய்ச்சு, லெட்டர் மடிக்கிற மாதிரி மூணா மடிங்க. மாவைக் கால் சுற்று திருப்பி மறுபடி தேய்ச்சு மடிங்க. மறுபடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். இன்னும் ரெண்டு தடவை தேய்ச்சு மடிச்சா வேலை முடிஞ்சுது. நடுவுல எப்போ மாவு கையில ஒட்டுதோ, அப்போ உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள அனுப்பிடுங்க. மாவைக் கூடுதலா தூவிச் சமாளிக்காதீங்க, பப்ஸ் வறண்டு போகும்.

நெய் போட்டா ஆகாதா? ஆகாது. அதுல தண்ணீர் கிடையாது, நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டியாவும் நிக்காது. வீட்டுல கடைஞ்ச வெண்ணெயில தண்ணீர் அதிகம், மாவு தளர்ந்துடும். பாக்கெட் வெண்ணெய்தான் பெஸ்ட்.

உள்ளே என்ன வைக்கலாம்?

எந்த ஃபில்லிங்கா இருந்தாலும் ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, ஈரம் இருக்கக் கூடாது. ரெண்டு, நல்லா ஆறியிருக்கணும். சூடா வெச்சா வெண்ணெய் அங்கேயே உருகிடும். ஈரமா வெச்சா அடிப்பக்கம் வேகாம சதசதன்னு நிக்கும்.

வெஜ் மினி பப்ஸ்: வெங்காயத்தை வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா, உப்பு சேர்த்து, வேகவெச்ச உருளைக்கிழங்கு ரெண்டு, கொஞ்சம் பட்டாணி, கேரட் போட்டு சுருளக் கிளறுங்க. பாதி மாவை 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ச்சு 6 சென்டிமீட்டர் சதுரமா வெட்டினா, சுமார் 20 வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு டீஸ்பூன் மசாலா வெச்சு முக்கோணமா மடிங்க.

இட்லிப்பொடி சீஸ் ஸ்டிக்: மீதி மாவை விரிச்சு, மேல ரெண்டு டேபிள்ஸ்பூன் இட்லிப்பொடி, துருவின சீஸ் தூவி, பூரிக்கட்டையால லேசா ஒரு உருட்டு. விரல் அகலத்துக்கு நீளமா வெட்டி, ரெண்டு முனையையும் பிடிச்சு முறுக்குங்க. 25 வரைக்கும் கிடைக்கும். பார்ட்டியில முதல்ல காலியாகப்போறது இதுதான்.

முட்டை மினி பப்ஸ்: ஸ்டிக்குக்குப் பதிலா இதைச் செய்யலாம். 8 சென்டிமீட்டர் சதுரமா வெட்டி, காரமான வெங்காய மசாலா மேல கால் முட்டை வெச்சு மடிச்சா 12 வரும், மூணு முட்டை போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, இதை ஃப்ரீஸ் பண்ணாதீங்க. வேகவெச்ச வெள்ளைக்கரு ஃப்ரீஸர்ல ரப்பர் மாதிரி ஆயிடும். முந்தின ராத்திரி செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சா போதும்.

வெட்டும்போது கூர்மையான கத்தியால நேரா அழுத்தி வெட்டுங்க, இழுக்காதீங்க. பளபளப்புக்காகப் பாலோ, முட்டையோ தடவும்போது மேல்பக்கம் மட்டும் தடவுங்க. வெட்டின ஓரத்துல வழிஞ்சா பசை மாதிரி அடுக்குகளை ஒட்டிடும், அப்புறம் அந்தப் பக்கம் எழும்பாது.

ஃப்ரீஸர்ல வைக்கிற முறை

வெஜ் பப்ஸையும் ஸ்டிக்கையும் வேகவைக்காம, ஒண்ணோட ஒண்ணு படாம தட்டுல அடுக்கி ரெண்டு மணி நேரம் ஃப்ரீஸர்ல வைங்க. கல்லு மாதிரி ஆனதும் ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க. ஒரு மாசம் வரைக்கும் தாங்கும். வேணுங்கிறப்போ எடுத்து, உருக விடாம நேரா அவனுக்குள்ள வைக்கலாம்.

பார்ட்டி அன்னிக்கு

ஓ.டி.ஜி அல்லது கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்ல 200 டிகிரி வெச்சு 15 நிமிஷம் முன்கூட்டியே சூடு பண்ணுங்க. பப்ஸுக்கு 18 முதல் 22 நிமிஷம், ஸ்டிக்குக்கு 12 முதல் 15 நிமிஷம். ஃப்ரீஸர்ல இருந்து வந்ததுன்னா இன்னும் 5 நிமிஷம். முதல் 12 நிமிஷம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீங்க, ஆவியும் சூடும் வெளியே போயிட்டா எழும்பினது அமுங்கிடும். நிறம் பொன்னிறத்தைத் தாண்டி லேசான பழுப்புக்கு வந்த பிறகே எடுங்க. வெளுப்பா இருந்தா உள்ளே வேகலைன்னு அர்த்தம்.

ஏர் ஃப்ரையர்னா பப்ஸை 180 டிகிரியில 10 முதல் 14 நிமிஷம், நெருக்கமா அடுக்காம வைங்க. சாதாரண மைக்ரோவேவ் சரிப்படாது. குக்கர்ல கேக் வரும், ஆனா மேல்பக்கம் போதுமான சூடு கிடைக்காததால பப்ஸ் சரியா வராது. அவன் இல்லாதவங்க, இருக்கிற ஃப்ரெண்ட் வீட்டுக்கு ஃப்ரீஸ் பண்ணின கவரோட போயிடுறது பெட்டர்!

ஏழு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்கன்னா, ஆறரைக்கு அவனை ஆன் பண்ணுங்க, ஆறே முக்காலுக்கு முதல் ட்ரே. அவங்க செருப்பைக் கழட்டி உள்ளே வர்றப்போ பப்ஸ் ரெடி. ரெண்டாவது ட்ரே உள்ளே போனதும் போன்ல டைமர் வெச்சுட்டு நீங்களும் போய் அரட்டையில சேர்ந்துடலாம்.

மிச்சமானா?

தப்பித்தவறிகூட சுடச்சுட ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடாதீங்க, ஆவியில மொறுமொறுப்பு போயிடும். முழுசா ஆறின பிறகு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மறுநாள் 160 டிகிரியில 5 நிமிஷம் சூடு பண்ணினா பழையபடி மொறுமொறுன்னு வரும்.

இன்னொரு விஷயம். மேல சொன்ன அளவுல 45 பீஸ் வருதுன்னா, ஒவ்வொண்ணுலயும் சுமார் நாலரை கிராம் வெண்ணெய் இருக்கு. அதனால இதைத் தினசரி ஸ்நாக்ஸ் ஆக்கிடாம பார்ட்டிக்குன்னே வெச்சுக்கலாம். முதல் தடவை செய்யுறீங்கன்னா, பார்ட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி நாலே நாலு பீஸ் மட்டும் சுட்டுப் பாருங்க. உங்க அவன் சொல்ற டிகிரியும் உள்ளே இருக்கிற சூடும் ஒண்ணாதான் இருக்கான்னு அப்போ தெரிஞ்சுடும். மிச்ச மாவு ஃப்ரீஸர்ல பத்திரமா இருக்கட்டும்.