போர்ட்டைப் பிடித்திருப்பது யார்?

புதிதாக ஒரு புரோகிராமை ஓட விட்டதும் ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று பிழைச் செய்தி வந்தால், பலரும் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். பல சமயம் காரியமும் நடந்துவிடுகிறது. ஆனாலும் போர்ட்டை விடுவிப்பதற்கு முன் அதைப் பிடித்திருப்பது யார் என்று பார்ப்பதுதான் முறை. போர்ட் என்பது 0 முதல் 65535 வரையிலான ஓர் எண். நெட்வொர்க் வழியாக வரும் தரவு எந்தப் புரோகிராமுக்கு உரியது என்பதை அதுதான் சொல்கிறது. இணையதளங்களுக்கு 80, பூட்டுக்குறியுடன் வரும் பாதுகாப்பான தளங்களுக்கு 443 என்பது வழக்கம். ஒரே முகவரியில், ஒரே எண்ணில் இரண்டு புரோகிராம்கள் காத்திருந்தால் வந்த தரவை எதனிடம் கொடுப்பது? இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் பிந்தி வருவதை இயங்குதளம் மறுக்கிறது. ஆகவே இந்தச் செய்தியைக் கோளாறு என்பதைவிடத் தகவல் என்பதே பொருத்தம்.

2021-இல் வந்த மேக் ஓஎஸ் மான்டரேயை எடுத்துக்கொள்வோம். அதில், ஐபோன் போன்றவற்றின் திரையை மேக்கில் காட்ட உதவும் ஏர்பிளே ரிசீவர் 5000-ஆம் போர்ட்டில் காத்திருக்கத் தொடங்கியது. பைத்தானில் இணையச் செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க் கேட்பதும் அதே 5000. டெர்மினலில் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையைக் கொடுத்தால் பிடித்திருக்கும் புரோகிராமின் பெயரும் அதன் பிஐடியும், அதாவது இயங்குதளம் அதற்குத் தந்திருக்கும் அடையாள எண்ணும், வரும். அந்த எண்ணை வைத்து ‘கில்’ செய்தாலும் அது மறுபடி முளைத்துவிடும். செட்டிங்ஸில் ஏர்பிளே ரிசீவரை அணைத்தால்தான் 5000 காலியாகும். விண்டோஸில் ‘நெட்ஸ்டாட் -ano’ பட்டியலின் கடைசிப் பத்தியில் பிஐடியைப் பார்க்கலாம். போர்ட் 80-க்கு நேரே 4 என்று இருந்தால் அது விண்டோஸின் சொந்த சிஸ்டம் புராசஸ். அதை நிறுத்தக் கூடாது. அதன் வழியாகப் போர்ட்டைப் பயன்படுத்தும் ஐஐஎஸ் வெப் சர்வர் போன்ற சேவையைத்தான் நிறுத்த வேண்டும்.

இவ்வளவு எதற்கு, வேறு எண்ணுக்கு மாறிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சொந்தமாக எழுதிப் பார்க்கும் புரோகிராம் என்றால் தாராளமாக மாறலாம். ஆனால் 5432-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருக்கும் என்று நம்பி ஓடும் செயலிகள் பழைய எண்ணையே தேடிப் போகும். சரி, பிடித்திருப்பதை அடித்து நிறுத்திவிடலாமே என்றால், லினக்ஸில் வெறும் ‘கில்’ என்பது வேலையை முடித்துக்கொண்டு கிளம்பச் சொல்வது. ‘கில் -9’ கையிலிருப்பதைச் சேமிக்கவும் அவகாசம் தராது. டேட்டாபேஸ் ஓடும் கணினியில் அந்த அவசரம் ஆபத்து. ரீஸ்டார்ட்டும் நிலையான தீர்வு அல்ல. கணினியோடு தானே தொடங்கும் சேவை முதல் ஆளாக வந்து அதே போர்ட்டில் உட்கார்ந்துவிடும். பெயரைத் தெரிந்துகொள்ள ஒரு கட்டளை போதும். அணைப்பதா, நிறுத்துவதா, எண்ணை மாற்றுவதா என்பதை அந்தப் பெயரே முடிவு செய்துவிடும்.